ஆள் கணக்கா, டன் கணக்கா, குத்தகையா: நகராட்சி கான்ட்ராக்ட்ல எதுல கை வைக்கலாம்

போன வாரம் அத்தை பையன் மூணு டெண்டர் நோட்டீஸ வாட்ஸப்ல தட்டிவிட்டுட்டு பின்னாடியே போன் அடிச்சான். மூணும் ஒரே நகராட்சி. ஒண்ணு தூய்மைப் பணிக்கு 100 ஆள் சப்ளை. ரெண்டாவது டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷன்ல இருந்து, அதாவது ஊர்க் குப்பைய மொதல்ல சேத்து வெக்கற எடத்துல இருந்து, குப்பைக் கிடங்குக்கு ஏத்திட்டுப் போற வேலை, டன்னுக்கு இவ்வளவுன்னு ரேட். மூணாவது பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறையும் டூவீலர் ஸ்டாண்டும், குத்தகை. "மச்சான், நீங்க பத்து வருஷமா இதுலயே கெடக்கறீங்க, எது லாபம்னு மட்டும் சொல்லுங்க"ன்னான். இது போதாதுன்னு நாலாவதா, பக்கத்து மாநகராட்சியில வேலை எடுத்திருக்கற பெரிய கம்பெனி ஒண்ணு ரெண்டு வார்டு சப்-கான்ட்ராக்ட் தர்றேன்னு கூப்பிட்டிருக்காம், அதுவேற.

நான் கான்ட்ராக்டர் கெடயாது, கான்ட்ராக்டர்கிட்ட கணக்கு பாக்கறவன். அதனால எவன் சம்பாதிச்சான்ங்கறத விட எவன் எந்த மாசம் எதுல மாட்டினான்ங்கறதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. அவன்கிட்ட ஒன்றரை மணி நேரம் பேசினத இங்க எழுதறேன், வேற யாராவது இதே கேள்வியோட இருக்கலாம்.

மாப்ளகிட்ட மொதல்ல சொன்னது இதுதான். ரேட்ட பாக்காத, பேமென்ட் எதைக் கணக்கு வெச்சு வருதுன்னு பாரு. ஆபீஸ் எதை எண்ணி காசு குடுக்குதோ அதுதான் தினமும் உன் தலைவலி. ஆள எண்ணினா ஆள் தலைவலி, எடைய எண்ணினா எடைமேடை தலைவலி, கலெக்ஷன நீயே எண்ணிக்கறதா இருந்தா மழையும் ஸ்ட்ரைக்கும் தலைவலி. தலைவலி இல்லாத கான்ட்ராக்ட் இதுல ஒண்ணும் கெடயாது, உன் கையில இருக்கற காசுக்கு எந்தத் தலைவலி தாங்கும்ங்கறதுதான் கேள்வி.

ஆள் சப்ளைல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லாரும் மொதல்ல இங்கதான் விழறாங்க. வெளிய இருந்து பாக்க ரொம்ப சுலபம். வண்டி வாங்க வேணாம், ஷெட் வேணாம், ஆள் ஏற்கனவே இருக்கு. ஆமா, ஆள் ஏற்கனவே இருக்குங்கறதுதான் இதுல உள்ள சூட்சுமமே. கான்ட்ராக்டர் மாறுவான், ஆள் மாறாது. அதே வார்டுல அதே அக்கா பன்னெண்டு வருஷமா கூட்டிட்டிருப்பாங்க, அவங்களுக்கு நீ நாலாவது முதலாளி, உனக்கு முன்னாடி இருந்தவன் பிஎஃப் கட்டாம ஓடிருந்தா மொத நாள் காலையில ஆறு மணிக்கு மஸ்டர், அதாவது ஆள் வருகைக் கணக்கு, எடுக்கற எடத்துல அந்தக் கேள்வி உன்கிட்டதான் வரும். அவங்க கேக்கறதுல தப்பும் இல்ல.

இப்ப கணக்க போடலாம். நம்ம ஊர்ல தினக்கூலி ரேட்ட வருஷா வருஷம் கலெக்டர் நிர்ணயம் பண்ணுவாரு, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், ஒரு பேச்சுக்கு நாளைக்கு 600 ரூபான்னு வெச்சுக்கலாம். மாசம் 26 நாள், 15,600. பிஎஃப்ல முதலாளி பங்கு 12 சதவீதம், அதோட இன்சூரன்ஸ், நிர்வாகச் செலவுன்னு ஒரு சதவீதம், ஆக 13. சம்பள உச்சவரம்பு 15,000ங்கறதால 1,950 வரும். இஎஸ்ஐ 3.25 சதவீதம், அது ஒரு 507. போனஸ சேக்காமயே ஒரு ஆளுக்கு 18,000 தாண்டிருச்சு. 100 பேருக்கு மாசம் 18 லட்சம். இதுக்கு மேல கான்ட்ராக்டருக்குன்னு தர்ற சர்வீஸ் சார்ஜ் 5 சதவீதம் கெடச்சா மாசம் 90,000 லாபம்னு மாப்ள உடனே கண்ண விரிச்சான்.

சம்பளம் எப்போ போடணும்? அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள. பிஎஃப் 15ஆம் தேதிக்குள்ள. பில் எப்போ பாஸ் ஆகும்? அங்கதான் இருக்கு. சானிட்டரி இன்ஸ்பெக்டர் அட்டெண்டன்ஸ்ல கையெழுத்து போடணும், அப்புறம் சானிட்டரி ஆபீசர், நகர்நல அலுவலர், அக்கவுண்ட்ஸ், கமிஷனர்னு ஃபைல் நகரணும், நடுவுல யாராவது லீவு, டிரான்ஸ்ஃபர், எலெக்ஷன் டூட்டின்னு ஒண்ணு இருக்கும், எல்லாம் முடிஞ்சு வந்தா ஜெனரல் ஃபண்ட்ல காசு இருக்கணும். சொத்து வரி வசூல் ஆகற மாசத்துல கொஞ்சம் மூச்சு விடலாம், மத்த மாசத்துல மாநில நிதிக்குழு மானியம் எப்ப எறங்கும்னு அவங்களே பாத்துட்டு இருப்பாங்க. மூணு மாசம் பாக்கிங்கறது நான் பாத்த எடத்துல எல்லாம் சாதாரணம், அதை யாரும் பாக்கின்னுகூட சொல்றதில்ல.

மூணு மாசம்னா 54 லட்சம் உன் காசு வெளிய நிக்குது. பேங்க் ஓடி, அதாவது ஓவர்டிராஃப்ட் கடன், இல்லாம வெளிய வாங்கினா ஒன்றரை வட்டி, அதுவே நல்ல மனுஷன் குடுத்தா. மாசம் 81,000 வட்டி. 90,000ல 81,000 போச்சுன்னா மிச்சம் 9,000. போனஸும் சூப்பர்வைசர் சம்பளமும் துடப்பமும் க்ளவுஸும் இதுல இருந்துதான் வரணும். ரெண்டு மாசத்துலயே பில் வர்ற நகராட்சின்னா வட்டி 54,000, மிச்சம் 36,000, அப்பவும் ஏதோ ஓட்டலாம். மூணு வட்டிக்கு வாங்கிட்டு இந்த வேலைக்கு வந்தவங்கள எனக்குத் தெரியும், அவங்க இப்ப வேற தொழில்ல இருக்காங்க.

அப்போ எப்படிடா ஒருத்தன் சர்வீஸ் சார்ஜ் ஒரு பைசான்னு கோட் பண்ணி எல்-1, அதாவது ரொம்ப கம்மி ரேட் போட்டு டெண்டர் கெடைக்கற ஆள், ஆகறான்? மாப்ள கேட்டான். நல்ல கேள்வி. பதில் எல்லாருக்கும் தெரியும், ஃபைல்ல மட்டும் இருக்காது. 100 ஆள்னு பில் போட்டு 88 ஆள் வெச்சு ஓட்டறது, சம்பளம் அக்கவுண்ட்ல போட்டுட்டு ஒரு பகுதிய கையில திருப்பி வாங்கறது, பிஎஃப்ல தொழிலாளி பங்கையும் முதலாளி பங்கையும் ரெண்டையும் அவங்க கூலியிலயே பிடிக்கறது. இப்ப முகம் பாத்து அட்டெண்டன்ஸ் போடற ஆப் வந்ததுக்கு அப்புறம் மொத வழி கொஞ்சம் அடைஞ்சிருக்கு, மத்தது இன்னும் ஓடுது. இப்படி பண்ணாதான் இந்த ரேட்டுக்கு ஓட்ட முடியும்னா அந்த டெண்டருக்கு போட்டி போடவே வேணாம்ங்கறது என் கட்சி, ஏன்னா பிடிக்கறது கான்ட்ராக்டர் லாபத்துல இருந்து இல்ல, காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வர்றவங்க சோத்துல இருந்து.

சட்டப்படியும் இது விளையாட்டு இல்ல. கான்ட்ராக்டர் சம்பளம் குடுக்கலன்னா முதன்மை முதலாளி, இங்க நகராட்சி, குடுத்துட்டு கான்ட்ராக்டர்கிட்ட பிடிச்சுக்கலாம்னு 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துலயே இருந்துச்சு, அதனால பிஎஃப் செலான் இல்லாம எந்த ஆபீஸும் இப்ப பில் தொடறதில்ல. 2025 நவம்பர் 21ல நாலு லேபர் கோடும், அதாவது புது தொழிலாளர் சட்டத் தொகுப்புங்க, நடைமுறைக்கு வந்தப்புறம் லைசென்ஸ் வரம்பு 20 ஆள்ல இருந்து 50 ஆளுக்கு போயிருச்சு, 100 ஆளுக்கு எப்படியும் வேணும். அதே கோடுல சம்பளத்துக்கு புது விளக்கம் இருக்கு, அலவன்ஸ் எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல போனா மிச்சத்த சம்பளத்துலயே சேத்து கணக்கு பண்ணணும். பேசிக்க கம்மியா காட்டி பிஎஃப் மிச்சம் பிடிக்கற பழைய வித்தைய நம்பி ரேட் போட்டவங்க அந்த ரேட்ட ஒருதடவ திருப்பிப் போட்டுப் பாக்கறது நல்லது.

இன்னொண்ணு, இத நெறைய பேர் கவனிச்சதே இல்ல. 2026 மார்ச் வரைக்கும், தொழிலாளிகிட்ட பிடிச்ச பிஎஃப் பங்க ஒரு நாள் லேட்டா கட்டினாலும் வருமான வரியில அது கான்ட்ராக்டர் வருமானமா மாறிடுச்சு, செலவா காட்ட முடியல. 2022 அக்டோபர்ல செக்மேட் சர்வீசஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் தீர்ப்பு சொல்லிருச்சு. 100 பேருக்கு மாசம் 1.8 லட்சம் தொழிலாளி பங்கு, பில் வரலன்னு நாலு மாசம் லேட் பண்ணினவங்க 7 லட்சத்துக்கு மேல இல்லாத வருமானத்துக்கு வரி கட்டினாங்க. பில் வராததுக்கு நகராட்சி காரணம், வரி கட்டினது கான்ட்ராக்டர்.

சரி, டன் கணக்கு.

இதுல சென்னைக்காரங்களுக்கு பழைய அனுபவம் உண்டு. 2000ல குப்பை அள்ள ஓனிக்ஸ்னு ஒரு தனியார் கம்பெனி வந்துச்சு, இப்பவும் வயசானவங்க எந்தக் குப்பை வண்டிய பாத்தாலும் ஓனிக்ஸ் வண்டின்னுதான் சொல்வாங்க. அது போய் 2007ல நீல் மெட்டல் ஃபனால்கா வந்துச்சு, அதுவும் முழுக் காலமும் ஓடல. அப்போ எல்லாம் டன்னுக்கு இவ்வளவுன்னுதான் கணக்கு. டன்னுக்கு காசு குடுத்தா எந்த ஊரா இருந்தாலும் ஒரே பேச்சுதான் கெளம்பும், மண்ண அள்ளிப் போடறாங்க, கட்டட இடிபாட கலக்கறாங்க, தண்ணி ஊத்தறாங்கன்னு. உண்மையோ பொய்யோ, எடைக்கு காசுன்னா சந்தேகமும் எடையோடயே வரும்.

இதுல பெரிய முரண்பாடு ஒண்ணு இருக்கு. திடக்கழிவு விதிப்படி வீட்டுலயே தரம் பிரிக்கணும், மக்கறத அங்கங்க எம்சிசி, அதாவது சின்ன உரக்கூடம், வெச்சு உரமாக்கணும், கிடங்குக்கு போறது கொறையணும். கொறஞ்சா டன் கான்ட்ராக்டர் பில்லும் கொறையும். நகராட்சி நல்லா வேலை செஞ்சா உனக்கு நஷ்டம். சுகாதாரப் பிரிவு ஒரு பக்கம் தரம் பிரிக்க பிரச்சாரம் பண்ணிட்டு இருக்கும், அதே பிரிவு உன் பில்ல டன் பாத்து பாஸ் பண்ணும். ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல ரெண்டாவது வருஷம் எடை விழுந்தா நீ வாங்கின டிப்பருக்கு டியூ யார் கட்டுவா?

ஆனா மாப்ளைக்கு இதுல ஒரு சாதகம் உண்டு, அவன்கிட்ட ஏற்கனவே ஒரு டிப்பர் இருக்கு, இன்னொண்ணு அவன் அண்ணன்கிட்ட இருக்கு. ஆள்னு பாத்தா ரெண்டு டிரைவர், ரெண்டு கிளீனர், ஒரு மாத்து டிரைவர். 100 பேர் சம்பளம் தலைக்கு மேல தொங்காது. பில் மூணு மாசம் இழுத்தாலும் டீசல், சம்பளம், டியூ இதுக்குத்தான் காசு வேணும், 54 லட்சம் வேணாம்.

டீசல் கணக்க மட்டும் நிதானமா போடணும். கிடங்கு 18 கிலோமீட்டர்னு வெச்சுக்க, போக வர 36. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுத்தா ஒரு நடைக்கு 9 லிட்டர், லிட்டர் 92 ரூபான்னா 828. ஆறு டன் ஏத்தினா டன்னுக்கு டீசல் மட்டும் 138 ரூபா. ஆனா குப்பை மணல் இல்ல, வெயில் காலத்துல பிளாஸ்டிக்கும் தேங்கா மட்டையும் சருகுமா வந்தா வண்டி ரொம்பி வழியும், எடைமேடையில நாலு டன்தான் காட்டும், அப்போ டன்னுக்கு 207 ஆயிரும். அதே நடை, அதே டீசல். கார்த்திகை மழையில நனைஞ்சு வந்தா நேர் எதிர், ஏழு டன்கூட காட்டும், அப்போ ஆபீஸ்ல மாசத்துக்கு இத்தன டன்னுக்கு மேல கெடயாதுன்னு ஒப்பந்தத்துல ஒரு வரிய எடுத்துக் காட்டுவாங்க. கொறஞ்சா உனக்கு, கூடினா கெடயாது.

அடுத்தது கிடங்கு எடம் மாறறது. பழைய கிடங்க எல்லாம் இப்ப பயோமைனிங் பண்ணி, அதாவது பழைய குப்பைய தோண்டிப் பிரிச்சு, காலி பண்றாங்க, சென்னையில பெருங்குடி, கொடுங்கையூர்ல நடக்கற மாதிரி சின்ன ஊர்லயும் நடக்குது, ஊருக்கு நல்லதுதான். ஆனா நடுவுல திடீர்னு இனிமே அங்க கொட்டாத, இங்க கொட்டுன்னு பத்து கிலோமீட்டர் தள்ளி எடம் காட்டினா போக வர 20 கிலோமீட்டர், அஞ்சு லிட்டர், 460 ரூபா, டன்னுக்கு 77 ரூபா உன் கையில இருந்து. கிலோமீட்டருக்கு இவ்வளவு கூடுதல்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருந்தா பொழச்ச, இல்லன்னா மனு எழுதிட்டு நடக்கணும்.

எடைமேடை கதை ஒண்ணு. நான் கணக்கு பாத்த ஒரு எடத்துல, ஊர் வேணாம், எடைமேடை பழுதாகி பதினோரு நாள் கெடந்துச்சு. வண்டி ஓடாம இருக்க முடியுமா, ஊர் நாறிடுமே, ஓட்டினோம். மாசக் கடைசியில எந்தக் கணக்குல பில் போடறதுன்னு கேட்டா ஒருத்தர் போன மாச சராசரிங்கறாரு, இன்னொருத்தர் போன வருஷம் இதே மாசம்ங்கறாரு, ஆடிட்ல கேப்பாங்கன்னு பயந்து கடைசியில எல்லாத்துலயும் கம்மியா இருந்த எண்ண போட்டாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. உள்ளாட்சி கணக்க தணிக்கை பண்ற லோக்கல் ஃபண்ட் ஆடிட்டுக்கு பதில் சொல்லப்போறது அவங்கதான, அவங்களுக்கு கம்மி எண்தான் பாதுகாப்பு. அந்தப் பதினோரு நாள்ல போனது எங்க நாலு மாச லாபம்.

வரி விஷயம் ஒண்ணு, சின்னதா சொல்லிடறேன். உள்ளாட்சி அமைப்புக்கு அதோட அரசியல் சட்டக் கடமைக்காக செய்யற, பொருள் ஏதும் சேராத வெறும் சேவைக்கு ஜிஎஸ்டி கெடயாது. கேக்க நல்லா இருக்கும். ஆனா வெளிய போற பில்லுக்கு வரி இல்லன்னா உள்ள கட்டின வரிக்கு கிரெடிட்டும் இல்ல. டிப்பர், டயர், ஸ்பேர், கட்டின ஜிஎஸ்டி எல்லாம் அப்படியே செலவு. ஆள் சப்ளைக்கு இது பெருசா தெரியாது, வண்டி ஓட்டறவனுக்கு தெரியும், ரேட் போடும்போது வரியோட சேத்து விலைய போடணும்.

இப்ப அந்த சப்-கான்ட்ராக்ட். பெரிய கம்பெனி வாங்கியிருக்கறது கேபிஐ கணக்கு, அதாவது டன்னும் இல்ல ஆளும் இல்ல, வேலையோட தரத்துக்கு மார்க். சென்னையில 2020ல உர்பேசர் சுமீத்ங்கற கம்பெனிக்கு ஏழு மண்டலத்த எட்டு வருஷத்துக்கு குடுத்தது இந்த மாடல்தான். வீடு வீடா எடுக்கறது எத்தன சதவீதம், தரம் பிரிச்சு வருதா, தொட்டி வழியுதா, புகார் வந்தா எத்தன மணி நேரத்துல முடியுது, இப்படி. தாள்ல இதுதான் நியாயமான முறை, எனக்கே இதுதான் பிடிக்கும், ஏன்னா மண்ண அள்ளிப் போட்டா மார்க் வராது, ஆள் எண்ணிக்கைய ஏமாத்தியும் மார்க் வராது. டன் கணக்குல பட்ட சூட்டுக்கு அப்புறம் வந்த மாடல் இது.

ஆனா இதுல சின்ன கான்ட்ராக்டருக்கு எடம் இல்ல. கேபிஐ கான்ட்ராக்டுக்கு ஜிபிஎஸ் வேணும், கன்ட்ரோல் ரூம் வேணும், பேட்டரி வண்டி நூத்துக்கணக்குல வேணும், மார்க்க எதிர்த்து பேச போட்டோவும் டேட்டாவும் வெச்சிருக்கற தனி ஆள் வேணும். காலையில எட்டு மணிக்கு தொட்டிய காலி பண்ணிட்டு போயிருப்ப, எட்டரைக்கு பக்கத்து ஓட்டல்காரன் மொத்தத்தையும் கொட்டுவான், ஒம்போது மணிக்கு ஒருத்தர் போட்டோ எடுத்து புகார் போடுவாரு. எட்டு மணி போட்டோ உன்கிட்ட இருந்தா தப்பிச்ச. பெரிய கம்பெனி இதெல்லாம் வெச்சிருக்கும். அவங்க உன்கிட்ட குடுக்கறது என்னன்னு பாத்தா திரும்ப ஆள் கணக்குதான், 60 ஆள் போடு, தலைக்கு இவ்வளவு. ஆனா ஃபைன் மட்டும் கேபிஐ மாதிரி மேல இருந்து கீழ எறங்கும். மாப்ளைக்கு வந்த டிராஃப்ட்ட படிச்சேன், மாநகராட்சியில இருந்து கம்பெனிக்கு பணம் வந்த அப்புறம்தான் உனக்கு பணம்னு ஒரு வரி, உன் வார்டுல விழற அபராதம் முழுசா உன் கணக்குலன்னு இன்னொரு வரி. ஆள் கணக்கோட ரிஸ்க், கேபிஐயோட அபராதம், ரெண்டுலயும் மோசமானது உனக்கு. இதுக்கு நான் ரெண்டு நிமிஷத்துக்கு மேல செலவழிக்கல, வேணாம்னுட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. 2025 ஆகஸ்ட்ல சென்னை மாநகராட்சியோட ரிப்பன் மாளிகை வாசல்ல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் பதிமூணு நாள் உக்காந்திருந்தாங்க, 13ஆம் தேதி நடுராத்திரி போலீஸ் அவங்கள தூக்கிட்டு போச்சு, எல்லாரும் டிவியில பாத்தோம். அந்த ரெண்டு மண்டலத்தையும் தனியாருக்கு குடுத்ததுதான் பிரச்சனை. வேலை நிரந்தரம் வேணும், தனியார்கிட்ட போனா கையில வர்ற சம்பளம் கொறஞ்சிரும்ங்கறது அவங்க பேச்சு. யார் பக்கம் நியாயம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லலாம், நான் தொழிலாளி பக்கம். ஆனா கணக்குப் பிள்ளையா யோசிச்சாலும், இப்படி ஒரு மாற்றம் நடக்கற எடத்துல நடுவுல சப்-கான்ட்ராக்டரா போய் நிக்கறவன் ரெண்டு பக்கமும் அடி வாங்குவான்.

நகராட்சி பக்கம் உக்காந்து யோசிச்சா வேற வழியே இல்லையான்னா, இருக்கு. இந்தூர் தனியார்கிட்ட இருந்த வேலைய மாநகராட்சியே எடுத்துக்கிச்சு, 2017ல இருந்து மத்திய அரசோட தூய்மை நகர ரேங்க் பட்டியலான ஸ்வச் சர்வேக்ஷன்ல வருஷா வருஷம் முன்னாடி நிக்குது. புனேயில 2008ல இருந்து ஸ்வச்னு ஒரு கூட்டுறவு, குப்பை பொறுக்கறவங்களே உறுப்பினர், வீட்டுக்காரங்ககிட்ட நேரடியா மாசக் கட்டணம் வாங்கிக்கறாங்க, பழைய பேப்பர் பாட்டில் விக்கற காசும் அவங்களுக்கே. அங்க நடுவுல கான்ட்ராக்டரே இல்ல. எங்க மொதலாளிகிட்ட இத சொன்னப்ப அவரு முகம் போன போக்கு இருக்கே. மாப்ளைக்கு இதுல முடிவு எடுக்க ஒண்ணும் இல்லங்கறதால விட்டுடறேன், ஆனா ஒரு நகராட்சி எந்த நாள்லயும் இந்தப் பக்கம் திரும்பலாம்ங்கறது மூணு வருஷ லோன் போடறவன் மனசுல இருக்கணும்.

கடைசியா குத்தகை. இதுல நகராட்சி உனக்கு காசு தராது, நீதான் அவங்களுக்கு கட்டணும். பில் இல்ல, கையெழுத்து இல்ல, பாக்கி இல்ல. தினமும் ராத்திரி கல்லாவுல காசு, இப்ப பாதி ஜிபேல. எங்க ஊர் பக்கம் ரொம்ப காலமா சில குடும்பங்க இதையே தொழிலா வெச்சிருக்காங்க, அதுக்கு காரணம் இருக்கு. ஏலத்துல கோபம் வந்து ஏத்திவிடாம இருந்தா இது ஓரளவு கணக்குக்குள்ள நிக்கற தொழில். ஏலத்துல எதிராளிய பாத்து ஏத்திட்டு அப்புறம் அஞ்சு ரூபா டோக்கனுக்கு பத்து ரூபா வாங்கி, பயணி வீடியோ எடுத்து போட்டு, நோட்டீஸ் வாங்கினவங்கதான் இதுல கெட்டாங்க.

கூட்டத்த எண்ணிப் பாக்காம கோட் பண்ணாதன்னேன். ஒரு திங்கக்கிழமை, ஒரு புதன், ஒரு முகூர்த்த நாள், மூணு நாள் காலையில அஞ்சுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் ஒரு பையன உக்கார வெச்சு வண்டிய எண்ணச் சொல்லு, ஆயிரம் ரூபா செலவு, அதுல மிச்சம் ஆகறது லட்சத்துல. பழைய குத்தகைக்காரன் சொல்ற எண்ண நம்பாத, விட்டுட்டு போறவன் கூட்டிச் சொல்வான், தொடரணும்னு நெனைக்கறவன் கொறச்சு சொல்வான்.

இதுல உள்ள பெரிய ஆபத்து, கூட்டம் ஒரே நாள்ல எடம் மாறிப் போறது. திருச்சியில பஞ்சப்பூர் பஸ் நிலையம் 2025 மே மாசம் திறந்து ஜூலையில ஓட ஆரம்பிச்சுது, வெளியூர் பஸ் அங்க போனப்புறம் மத்திய பஸ் நிலையத்த சுத்தி இருந்த வியாபாரம் என்ன ஆச்சுன்னு அந்தப் பக்கம் போனவங்களுக்கு தெரியும். 2020 லாக்டவுன்ல பஸ்ஸே ஓடாதப்ப குத்தகைப் பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்த கதை எல்லா ஊர்லயும் உண்டு, தள்ளுபடி கேட்டு மனு, மன்றத் தீர்மானம், அரசுக்கு ஃபைல்னு அலைஞ்சாங்க. அதனால மாப்ள மொதல்ல விசாரிக்க வேண்டியது அந்த ஊர்ல புது பஸ் ஸ்டாண்டுக்கு எங்கயாவது எடம் பாத்திருக்காங்களான்னு. டீக்கடையில கேட்டாலே சொல்லிடுவாங்க.

நகராட்சிக்கும் குத்தகையில மாட்டற கதை உண்டு. அமெரிக்காவுல சிகாகோ 2008ல தெரு ஓர பார்க்கிங் மீட்டர் எல்லாத்தையும் 75 வருஷத்துக்கு ஒரு தனியார்கிட்ட சுமார் 115 கோடி டாலருக்கு குடுத்துச்சு. ரொம்ப கம்மி விலைக்கு போச்சுன்னு அந்த நகரத்தோட இன்ஸ்பெக்டர் ஜெனரலே அடுத்த வருஷம் ரிப்போர்ட் குடுத்தாரு. இப்ப அந்த ஊர்ல திருவிழாவுக்கோ ரோடு வேலைக்கோ மீட்டர் இருக்கற தெருவ மூடினா நகரம் அந்தக் கம்பெனிக்கு நஷ்டஈடு கட்டணும். நம்ம ஊர் குத்தகைக்காரன் தேர் வர்றப்ப ஸ்டாண்ட ரெண்டு நாள் மூடிட்டு ஒரு பைசா கேக்க முடியாம நிக்கறத நெனச்சேன், சிரிப்பு வந்துச்சு. எழுதற வக்கீல் யார் பக்கம்ங்கறதுதான் வித்தியாசம்.

கழிப்பறையும் ஸ்டாண்டும் சேத்து குடுக்கறாங்கல்ல, ரெண்டும் ஒரே தொழில் இல்ல. ஸ்டாண்டுக்கு ஒரு ஷெட், ரெண்டு ஷிஃப்ட் ஆள், டோக்கன். கழிப்பறைக்கு தண்ணி, மோட்டர், கரண்ட் பில், தினம் உடையற குழாய். கோடையில போர் வத்தினா லாரித் தண்ணி. கழிப்பறைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்ல, ஆனா ரெண்டும் சேந்த மொத்த வசூல் வருஷம் 20 லட்சம் தாண்டினா வண்டி ஸ்டாண்ட் வசூலுக்கு உண்டு, இதை பிரிச்சு கணக்கு வெக்கணும். எல்லாத்துக்கும் மேல செப்டிக் டேங்க். எவ்வளவு அவசரம்னாலும், எவ்வளவு கூட்டம் நின்னு கத்தினாலும், தொட்டிக்குள்ள ஆள எறக்கக் கூடாது. கையால மலம் அள்ளறத தடை செஞ்ச 2013 சட்டப்படி அது குற்றம், ஜெயில் உண்டு, ஒரு உயிர் போனா 30 லட்சம் இழப்பீடுன்னு 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. சட்டத்த விடு, ஒரு மனுஷன அதுக்குள்ள அனுப்பறதுக்கு எந்த லாபமும் ஈடு கெடயாது. உறிஞ்சற லாரிக்கு மாசா மாசம் ஒரு தொகைய செலவுல மொதல்லயே எழுதிட்டு அப்புறம் ஏலத் தொகைய யோசின்னு சொன்னேன். அவன் எழுதி வெச்சிருந்த கணக்குல அது இல்லவே இல்ல.

அப்போ எதுதான் எடுக்கறது? அவன் கையில இருக்கறது 14 லட்சம், ரெண்டு டிப்பர், பேங்க் ஓடி கெடயாது. ஓடி 60 லட்சத்துக்கு இருந்திருந்தா, அந்த நகராட்சி கடந்த ஒரு வருஷமா பில்ல எத்தன நாள்ல குடுத்துச்சுன்னு இப்ப ஓட்டிட்டு இருக்கறவன்கிட்ட கேட்டுட்டு, ரெண்டு மாசத்துக்குள்ளன்னா ஆள் சப்ளைக்கு சரின்னு சொல்லியிருப்பேன். 14 லட்சத்துல அதுல எறங்கினா மொத மாசச் சம்பளத்துக்கே பத்தாது. அது அவுட். சப்-கான்ட்ராக்ட் அவுட். மிச்சம் டன்னும் குத்தகையும்.

தனியா ஸ்டாண்ட் மட்டும் இருந்திருந்தா யோசிக்காம அதுன்னு சொல்லியிருப்பேன். கழிப்பறையும் சேந்து வர்றதாலயும், குத்தகைத் தொகைய ஒரு வருஷத்துக்கு முன்பணமா கட்டணும்னு போட்டிருக்கறதாலயும் அவன் 14 லட்சமும் மொத நாளே முடங்கிடும், அப்புறம் மோட்டர் எரிஞ்சா மாத்த காசு இருக்காது. டன் வேலைக்கு வண்டி கையில இருக்கு, ஆள் அஞ்சு பேர், மூணு மாசம் பாக்கி நின்னாலும் 14 லட்சத்துக்குள்ள தாங்கும். அதனால டன்தான்னேன், ஆனா ஒரு நிபந்தனையோட. குறைந்தபட்ச எடைன்னு ஒண்ணு ஒப்பந்தத்துல இல்லன்னா, அதாவது ஒரு நடைக்கு இத்தன டன் வந்தாலும் வராட்டியும் இவ்வளவுன்னு இல்லன்னா, அவன் போடற ரேட் நாலு டன் கணக்குல இருக்கணும், ஆறு டன் கணக்குல இல்ல. அந்த ரேட்டுக்கு எல்-1 வரலன்னா வரவேணாம், டிப்பருக்கு ஜல்லி ஏத்தற வேலை ஊர்ல எப்பவும் இருக்கு.

வியாழக்கிழமை ப்ரீ-பிட் மீட்டிங், அதாவது டெண்டர் போடறதுக்கு முன்னாடி சந்தேகம் கேக்கற கூட்டம், இருக்காம். நாலு கேள்விய தாள்ல எழுதி குடுத்து, பதிலையும் தாள்லயே வாங்கிட்டு வான்னு அனுப்பியிருக்கேன். எடைமேடை பழுதானா எந்த எண், கிடங்கு மாறினா கிலோமீட்டருக்கு எவ்வளவு, மாச உச்சவரம்பு உண்டா, டீசல் ஏறினா ரேட் ஏறுமா. வாயால சொன்னா ஆமாண்ணே ஆமாண்ணேன்னு தலையாட்டிட்டு வந்துருவான், அதனால அவன் அண்ணனையும் கூட போகச் சொல்லியிருக்கேன். ரெண்டாவது டிப்பர் அண்ணனோடதுதான, அவருக்கு தம்பி மேல அவ்வளவா நம்பிக்கையும் கெடயாது.